உபாயத் தியாகமும் நியாயப்பிரமாணமும்: சரம ச்லோகத்தோடு ரோமர் நிருபத்தை ஒப்பிடுவது பற்றி

ஐப்பசித் திருவோணத்தன்று கொடிக்குளத்துக்குச் சென்று ஸேவித்து வருவது அடியேனுடைய நெடுநாளைய வழக்கம். மதுரைக்குக் கிழக்கே, ஒத்தக்கடைக்கு அருகில், ஆனைமலைச் சாரலில் உள்ள சிற்றூர் அது. 1323இல் திருவரங்கம் தில்லிப் படையால் சூறையாடப்பட்டபோது நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை வந்த பிள்ளை லோகாசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளிய ஜ்யோதிஷ்குடி இதுவே என்பது நம் பெரியோர் வழங்கும் செய்தி. இவ்வாண்டு அடியேனுடன் அங்கே வந்தவர் ஓய்வு பெற்ற கிறிஸ்தவப் போதகர் ஒருவர். தென்பாண்டி நாட்டுப் புரொட்டஸ்டண்டுகள் தங்கள் போதகரை ‘ஐயர்’ என்று அழைப்பது பழைய வழக்கம். ஆகவே நானும் அவரை ஐயர் என்றே அழைக்கிறேன். அவர் என்னைச் சுவாமி என்பார். வாரம் ஒரு மாலை எங்கள் திண்ணையில் அமர்ந்து அவருக்கு முமுக்ஷுப்படியை நான் வாசித்துக் காட்டுகிறேன். அவர் எனக்கு ரோமர் நிருபத்தை வாசித்துக் காட்டுகிறார். தகப்பனாரிடமும் பெரியப்பாவிடமும் திண்ணையிலேயே பாடம் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைவிட இயல்பான கல்வி முறை வேறில்லை.

கொடிக்குளத்துக் கல் மண்டபத்தில் அமர்ந்திருக்கையில் அவர் கேட்டார்: “சுவாமி, உங்கள் சரம ச்லோகமும் எங்கள் பவுல் சொன்னதும் ஒன்றுதானே? தாங்களே ஒரு உபந்யாஸத்தில் அப்படிச் சொன்னதாகக் கேள்வி.”

இருபது ஆண்டுகளுக்கு முன் அடியேன் அப்படிச் சொன்னது உண்மை. அது பிழை என்பதையும், பிழை எவ்விடத்தில் நேர்ந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அன்று கேட்டவர்களில் சிலர் இன்னமும் அதைச் சொல்லி வருகிறார்கள் என்று அறிகிறேன்.

ஒப்பிட்டவர்கள் எடுத்துக்கொள்ளும் இடம் எல்லாருக்கும் தெரிந்ததே. ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், விசுவாசிகள் இப்போது நியாயப்பிரமாணத்தின் கீழ் அல்ல, கிருபையின் கீழ் இருக்கிறார்கள் என்கிறார் பவுல். கீதையின் முடிவில் எம்பெருமான் தர்மங்கள் யாவற்றையும் விட்டுத் தன்னை ஒருவனையே பற்றச் சொல்கிறான். இரண்டையும் அருகருகே வைத்தால் உடன்பிறந்தவை போலவே தோன்றும். தோற்றத்துக்குக் காரணம் பாதி மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்த முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலிருந்து தொடங்கிய நெடிய திருத்தங்களின் முடிவில், புரொட்டஸ்டண்டு வேதாகமத்தில் நிலைத்த சொற்கள் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்பன. இவை யாவும் நம் வீட்டுச் சொற்கள். மஹாவிசுவாசத்தைச் சரணாகதியின் அங்கமாக எண்ணிப் பழகிய காதுக்கு அந்நூல் அயலாகவே படாது. (ரோமன் கத்தோலிக்கர் பழைய ஜபங்களில் ‘பிரியதத்தம்’ என்றார்கள். அழகிய சொல், வழக்கிழந்து போயிற்று.)

ஆனால் ‘நியாயப்பிரமாணம்’ என்ற சொல் நம்மை வேறு வழியில் ஏமாற்றுகிறது. பிரமாணம் என்றால் நமக்கு மெய்யறிவைத் தரும் கருவி: ப்ரத்யக்ஷம், அனுமானம், சப்தம். பிரமாணத்திலிருந்து விடுதலை பெற்றவன் என்றால் பித்தன் என்றே பொருள்படும். பவுல் நினைப்பது அதுவன்று. யூதர்களின் தோராவை, மோசே வழியாக வந்த கட்டளைத் தொகுதியை, கிரேக்கத்தில் நோமோஸ் என்ற சொல்லால் அவர் குறிக்கிறார். விருத்தசேதனம், ஓய்வுநாள், உண்பன தின்பனவற்றின் விதிகள் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே ‘கிருபை’ என்ற சொல் நம்மை அளவுக்கு மீறி அருகில் இழுக்கிறது. ‘நியாயப்பிரமாணம்’ என்ற சொல் நம்மைத் திசை தவற விடுகிறது. அடியேன் அன்று விழுந்த குழி இதுவே.

இனி நூலுக்குள் செல்வோம். தர்மங்களை விடச் சொன்னால் அதர்மத்தைச் செய்யச் சொன்னதாகுமோ என்ற கேள்வியை முமுக்ஷுப்படி தானே எழுப்பிக்கொள்கிறது. பவுலும் எழுப்பிக்கொள்கிறார்: கிருபையின் கீழ் இருப்பதால் பாவம் செய்யலாமோ என்று. கேள்வி ஒன்றே. விடைகள் புறப்படும் இடங்கள் வேறு. லோகாசார்யர் முதலில் சொல்லைப் பார்க்கிறார். தர்மம் என்ற சொல் அதர்மத்திலிருந்து விலகியிருத்தலைக் குறிப்பதன்று. ஆகையால் தர்மத்தை விடு என்றதில் அந்த விலகலையும் விடு என்ற கருத்துப் புகாது. பவுல் சொல்லைப் பார்ப்பதில்லை, மரணத்தைப் பார்க்கிறார். ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு கூட மரித்தவன் பாவத்தில் எப்படிப் பிழைப்பான் என்கிறார். பின்னர் அடிமையின் உவமை: முன்பு பாவத்துக்கு அடிமை, இப்போது நீதிக்கு அடிமை. ஏழாம் அதிகாரத்தில் மனைவியின் உவமை: கணவன் உயிரோடிருக்கும்வரை கட்டுப்பட்டவள், அவன் இறந்தால் வேறொருவனை மணக்கத் தடையில்லை.

இந்த மனைவி உவமையில்தான் அடியேன் நின்றுவிட்டேன். நம் ஆசார்யர்கள் பதிவ்ரதை உவமையை எத்தனையோ இடங்களில் கையாள்கிறார்கள். ஆனால் எங்கும் முந்தைய கணவன் ஒருவன் இறந்ததாகச் சொல்ல அவர்களால் இயலாது. ஜீவன் என்றைக்கும் அவனுக்கே சேஷம். சரணாகதியால் உடையவன் மாறுவதில்லை. உடைமை தன்னை அறிந்துகொள்கிறது, அவ்வளவே. ஆகையினால்தான் உபாயங்களை விடும் விதத்தைச் சொல்ல வந்த முமுக்ஷுப்படி மரணத்தை உவமையாக எடுக்கவில்லை. சிப்பியை வெள்ளியென்று நினைத்தவனையும், போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் நடந்தவனையும் காட்டுகிறது. அவர்கள் தெளிந்தபின் கொள்ளும் நாணத்தோடு விட வேண்டும் என்கிறது. விடப்படுவது செயலன்று, செயலில் வைத்த உபாய புத்தி. விட்டபின் அச்செயல் எங்கே போகிறது என்பதையும் அந்நூலே சொல்கிறது: கர்மம் கைங்கர்யத்திலே போய்ப் புகுகிறது. ஞானமும் பக்தியும் பிரபத்தியும்கூடத் தத்தமக்குரிய இடங்களில் போய் அமர்கின்றன. நேற்றுச் செய்த அதே ஸந்த்யாவந்தனம், அதே திருவாராதனம். இன்று அதற்குப் பெயர் வேறு.

பவுலுக்கு நடந்தது வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி. சிலுவைக்கு முன், பின் என்று உலகம் இரண்டாகிறது. நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது, நன்மையானது என்று அவரே சொல்லியும், அதனோடு விசுவாசிக்குள்ள உறவு முடிந்தது என்கிறார். லோகாசார்யருக்கு நடந்தது மயக்கம் தெளிதல். விதித்தவனும் விடச் சொன்னவனும் ஒருவனே. அவன் ஆஜ்ஞை முடிவதில்லை. இதைக் காணாமல் இரண்டையும் ஒன்று என்றது அடியேனுடைய பிழை.

வடகலை, தென்கலை வாதத்தை இங்கே விரித்தால் கட்டுரை முடியாது. விடும்படி சொன்னது விதியே என்பர் ஒரு சாரார். வேறு உபாயத்துக்குச் சக்தியற்றவனிடம் ஏற்கெனவே உள்ள நிலையை எடுத்துச் சொன்னதே என்பது ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரத்தில் தேசிகன் காட்டும் நெறி. நித்ய கர்மத்தை விடலாகாது என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமையில்லை என்பதே இங்கு வேண்டியது. ‘நாங்கள் பிரபன்னர்கள், எங்களுக்கு அனுஷ்டானம் எதற்கு’ என்று கேட்கும் இளைஞர்கள் எந்தக் கலையை நம்பி அப்படிக் கேட்கிறார்கள் என்பது தெரியவில்லை.

ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோவைப் பற்றியும் ஒரு சொல். 1916இல் யதீந்த்ரமததீபிகையை ஜெர்மன் மொழியில் ஆக்கியவர். நம் ஸம்ப்ரதாயத்தை அறியாதவர் அல்லர். 1930இல் இந்தியாவின் அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு நூலெழுதினார். நமக்குக் கிருபை உண்டு, ஆனால் பாவத்தின் கூர்மையும் அதற்கான பரிகார பலியும் இல்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம். பலி இல்லை என்பது சரியே. அதை நாம் ஒப்புக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. பாவத்தின் கூர்மை இல்லை என்பதை ஆளவந்தாரின் ஸ்தோத்ர ரத்னத்தைத் தினம் அனுஸந்திப்பவர் எவரும் ஏற்கமாட்டார். ஸ்ரீவசன பூஷணம் பிராட்டியின் புருஷகாரத்தோடு தொடங்குவது ஏன் என்றும் அவர் கேட்டிருக்கலாம். குற்றவாளி நேரே நிற்க அஞ்சுகிறான் என்பதாலன்றோ பரிந்து பேச ஒருவர் வேண்டியிருக்கிறது?

இவ்வளவும் வேற்றுமை. இனி ஒற்றுமை, ஒப்பிடுவோர் பெரும்பாலும் கைவைக்காத இடம். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு செய்தி வருகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கடிந்தார். நியாயப்பிரமாணம், கிருபை என்ற பெரிய வாதமெல்லாம் பவுலுக்கு இந்தப் பந்தியில்தான் உயிர்பெறுகிறது. யாரோடு யார் உண்பது என்பது கேள்வி. பாகவதனுடைய பிறப்பை ஆராய்வது எத்தகைய அபசாரம் என்று ஸ்ரீவசன பூஷணம் கூறுவதை இதனருகே வைத்துப் பாருங்கள். லோகாசார்யரின் சிஷ்யர்களில் ஒருவர் விளாஞ்சோலைப் பிள்ளை. பிறப்பினால் கோயிலுக்குள் புக இயலாதவர். அந்த ஸ்ரீவசன பூஷணத்தின் சாரத்தை ஸப்தகாதையாகத் தந்தவர் அவர்தாம். உள்ளே புக முடியாதவர் எழுதிய சாரத்தை உள்ளேயிருப்பவர்கள் நாம் வாசிக்கிறோம்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யத்தில் இருப்பது. விளாஞ்சோலைப் பிள்ளையின் பெருமையை மேடையில் கண்ணீர் மல்கச் சொல்லிவிட்டு, ததீயாராதனத்தில் இலை போடும்போது யார் எந்த வரிசை என்று பார்த்த கூட்டத்தில் அடியேனும் நின்றிருக்கிறேன். ஐயரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தம் சபையாரிடத்திலும் பிறப்புப் பார்ப்பது ஒழியவில்லை என்று மட்டும் சொன்னார்.

கொடிக்குளத்தோடு சேர்ந்த மற்றொரு வரலாறும் இங்கே வேண்டும். திருமலையாழ்வார் மதுரையில் அரசாட்சிப் பொறுப்பில் மூழ்கியிருந்தவர். அவரை எப்படியும் தரிசனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது லோகாசார்யரின் கடைசி நியமனம். கூரகுலோத்தம தாஸர் மதுரைக்கு வந்து, அவர் பல்லக்கில் போகும் வழியில் திருவிருத்தத்தை அனுஸந்தித்தார். பொருள் என்ன என்று கேட்ட அதிகாரியின்மேல் உமிழ்ந்துவிட்டுப் போனார் என்பது குருபரம்பரைச் செய்தி. தேடாதவனைத் தேடி வந்த கிருபை அது. தமஸ்குவுக்குப் போகும் வழியில் பவுலுக்கு நேர்ந்ததும் அத்தகையதே. இருவரில் எவரும் கேட்டுப் பெறவில்லை. அதன்பின் திருமலையாழ்வார் அதிகாரத்தைத் துறந்தார். காடாகிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளப் பண்ணினார். திருவாய்மொழிப் பிள்ளையாகி மணவாள மாமுனிகளை நமக்குத் தந்தார். கிருபை கிடைத்தவன் காடு வெட்டினான். காடு வெட்டியதனால் கிருபை கிடைக்கவில்லை. முமுக்ஷுப்படி சொல்லும் முறை மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான உரை அடியேனுக்குத் தெரியாது.

அடியேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலி. விடியுமுன் எழுந்து நீராட முடியாத நாட்கள் உண்டு. ஸந்த்யை காலந்தவறிப் போகிறது. அப்படிப்பட்ட முதல் நாளில் மனத்தில் எழுந்தது வருத்தமன்று, அச்சம். ஏதோ ஒன்று கணக்கில் குறைந்துவிட்டது போன்ற அச்சம். ஐம்பது ஆண்டுகளாக உபாய புத்தியை விட வேண்டும் என்று பிறருக்கு உபந்யஸித்தவனுக்குள் அது விடாமல் இருந்திருக்கிறது. கைங்கர்யம் செய்ய இயலாதவனுக்கு எஜமானனைக் காணாத ஏக்கமே வர வேண்டும். அபராதத் தொகையின் நினைவு வரலாகாது. பவுல் நியாயப்பிரமாணத்தின் கீழ் என்ற சொல்லால் எதைக் குறித்தாரோ, அதற்கு மிக அருகில் அடியேன் அன்று இருந்தேன். கிறிஸ்தவனாக இல்லாமலே அப்படி இருக்க முடிகிறது.

ஐயரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் ஆனைமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாமும் ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாத நாட்களில் அதே அச்சத்தை அறிந்திருப்பதாகச் சொன்னார். பிறகு, “எட்டாம் அதிகாரம் தொடங்கும்போது இதை எடுத்துக்கொள்வோம், சுவாமி” என்றார். வருகிற வியாழக்கிழமை அதைத் தொடங்க இருக்கிறோம்.