குண்டு மிளகாயும் செத்தலும்

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்து மளிகைக் கடையில் மிளகாய் கேட்டால், "நீட்டா, குண்டா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். நீட்டு காரத்துக்கு, குண்டு வாசனைக்கும் நிறத்துக்கும். தோல் தடித்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும் இந்தக் குண்டுக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம். அங்கே அதன் பெயர் முண்டு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கமுதி, முதுகுளத்தூர், கடலாடி வட்டாரங்களில் முண்டு பெரும்பாலும் மானாவாரிப் பயிர். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார்கள். மழை ஓய்ந்தபின் மண்ணில் தங்கிய ஈரத்திலேயே செடி காய்க்கும். தையிலிருந்து பறிப்பு, பழத்தைக் களத்தில் காயவைத்து எட்டிவயல் சந்தைக்கு மூட்டை ஏற்றுவார்கள். மழை பொய்த்தாலும் நஷ்டம், கொட்டித் தீர்த்தாலும் நஷ்டம்.

பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக்கும் அதே பருவமழைதான். வற்றாத ஆறு ஒன்றும் அங்கே கிடையாது. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் அடியில் நன்னீர் உண்டு. முன்பு துலா மிதித்தும், பிறகு இயந்திரம் வைத்தும் இறைத்து, செம்மண் தோட்டங்களில் நாற்று நட்டு மிளகாய் வளர்த்தார்கள்.

அவர்களுடைய கவலை மழையைவிடச் சந்தைதான். 1970களின் முற்பகுதியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவின் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, செத்தல் என்று அங்கே அழைக்கும் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. 1977இல் வந்த அரசு கதவைத் திறந்துவிட்டதும் விலை சரிந்தது. இன்று இலங்கை இறக்குமதி செய்யும் செத்தலில் பெரும்பகுதி இந்திய மிளகாய்.

அடுப்படியில் வேற்றுமை இன்னும் கூடுதல். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் சாம்பார் பொடிக்கு மிளகாய், தனியா, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாவற்றையும் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மெஷினுக்குக் கொண்டுபோவார்கள். பல வீடுகளில் எதையும் வறுப்பதில்லை. பொடி செக்கச்செவேலென்று இருக்கும். பச்சை வாசனை போகப் புளித்தண்ணீரில் கொதித்தாக வேண்டும். குண்டில் ஒரு பங்கு தாளிப்புக்கு முழுசாகவே ஒதுக்கப்படும்.

யாழ்ப்பாணத்தில் தூள் என்றாலே வறுப்புதான். மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் தனித்தனியே பதம் பார்த்து வறுப்பார்கள். செத்தல் சட்டியில் விழுந்ததும் வீடு முழுக்கத் தும்மல். பருப்பு சேராது. கருஞ்சிவப்பாக வரும் அந்தத் தூள் ஏற்கெனவே வறுபட்டது. தேங்காய்ப்பாலை நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாத மீன் குழம்புக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் அதுவே வசதி.

சாம்பாரில் யாழ்ப்பாணத் தூளைப் போட்டால் பருப்பு வாசனை அமுங்கிவிடும். மீன் குழம்பில் சாம்பார் பொடி போட்டால் பருப்புதான் முன்னே நிற்கும். ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது. வீட்டில் இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். கடையில் குண்டு கேட்கும்போது ராமநாதபுரம் முண்டுதானா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.