மெயிலில் வரும் ஆர்டர் தானாக அட்டவணையில் ஏறுமா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பம் செதுக்கும், சொந்த இணையதளம் வைத்திருக்கும் பட்டறையில், அங்குள்ள படிவத்தை யாராவது நிரப்பினால் அது மெயிலாக வந்து விழும்: பெயர், ஊர், செல் நம்பர், எந்தச் சாமி, என்ன மரம், எத்தனை அடி. அதை ஒருவர் உட்கார்ந்து நோட்டில் ஏற்றவேண்டும். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அந்த வேலையைச் செய்யுமா என்று அப்படியொரு பட்டறையின் கணக்கில் ஓட்டிப் பார்த்தேன்.

அமைப்பது எளிது. ஜிமெயிலில் ஃபில்டர் போட்டுப் படிவ மெயில்களுக்கு ‘ஆர்டர்’ என்று லேபிள் ஒட்டவேண்டும். கூகுள் ஷீட்ஸின் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து சில வரி நிரல் எழுதினால், ‘உயரம்:’ என்பதற்குப் பின் வரி முடியும்வரை இருப்பதை எடுத்து உரிய கட்டத்தில் போட்டுவிடும். நிரலைத் தானாக ஓட்டும் டிரிக்கரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வைத்தால் போதும். செலவு கிடையாது. ஓர் ஓட்டத்துக்கு 6 நிமிடம் என்ற வரம்பைச் சிறு பட்டறை தொடவே தொடாது.

சிக்கல்கள் உண்டு. ஒரே தலைப்பில் வரும் மெயில்களை ஜிமெயில் ஒரே உரையாடலாகக் கோத்துவிடும். ஸ்கிரிப்ட் லேபிளை முழு உரையாடலுக்கும் ஒட்டும். ஏற்றியதும் ‘முடிந்தது’ என்று லேபிள் ஒட்டிய உரையாடலுக்குள் புது ஆர்டர் வந்தால் தவறிப்போகும். ஒவ்வொரு மெயிலின் அடையாள எண்ணையும் ஒரு பத்தியில் சேமித்து ஒப்பிடுவதே வழி. செல் நம்பர் பத்தியை வெறும் எழுத்தாக அமைக்காவிட்டால் முன்னால் உள்ள பிளஸ் குறியும் பூஜ்யமும் காணாமல் போகும்.

தமிழுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. நிரலில் ‘எழுத்து’ என்ற வகையை மட்டும் தேடினால் கொம்பும் காலும் புள்ளியும் உதிர்ந்துவிடும். குறிகளையும் சேர்த்துத் தேடவேண்டும். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்பதால், பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பெயர்கள் பொருந்தாமல் போகும். நார்மலைஸ் என்ற ஒரு கட்டளை இதைச் சரிசெய்கிறது.

படிவத்தை விட்டுவிட்டு, ‘மூணரை அடியில ஒரு பிள்ளையார்’ என்று கடிதமாக எழுதினால் ஸ்கிரிப்ட் கையை விரிக்கிறது. அதுவே நல்லது. காலியான கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டால், பார்த்தவர் ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்வார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கடிதத்தையும் படிக்கும். ஆனால் எழுதாத உயரத்துக்கும் ஓர் எண்ணைத் தந்துவிடக்கூடும். தப்பான அளவில் அறுத்த மரத்தை ஒட்டவைக்க முடியாது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் தேன், கடுக்காய், சாமை விற்பவருக்கும் இது ஒத்துவரும். நிரல் கூகுள் சர்வரில் ஓடுவதால் மலையில் சிக்னல் போனாலும் பதிவு நிற்காது. ஷீட்டை செல்லில் ஆஃப்லைனாக வைத்துக்கொண்டால், அடிவாரத்துக் கச்சிராயப்பாளையத்தில் டவர் கிடைக்கும்போது இறங்கிய ஆர்டர்களை மேலே போய்ப் பார்க்கலாம்.

மெயிலிலிருந்து விவரங்களைப் பிரித்துத் தரும் மெயில்பார்சர், பார்சியர் போன்ற சேவைகளுக்கு நிரல் தெரியவேண்டாம். ஆனால் ஆர்டர் கூடினால் மாதக் கட்டணம் வரும். வாடிக்கையாளரின் நம்பரும் முகவரியும் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதை யோசித்தே செய்யவேண்டும்.

தீர்ப்பு: படிவம் உங்கள் கையில் இருந்தால் ஆப்ஸ் ஸ்கிரிப்டே போதும். முதலில் படிவத்தைத் திருத்துங்கள்: உயரத்துக்கு எண் மட்டும் ஏற்கும் பெட்டி, மரத்துக்குத் தேர்வுப் பட்டியல். ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதென்றால் இது உங்களுக்கு உதவாது.