கடன் தீர்க்கும் பாகம்
'வின்லாண்ட் சாகா' மங்காவின் பண்ணைப் பகுதியை முன்வைத்து

நீண்ட தொடர்களின் பிற்பகுதி குறித்து வாசகர்களிடம் நிலவும் ஐயம் நியாயமானதே. ஒரு தொடர் வெற்றி பெற்றுவிட்டால் அதை முடித்துக்கொள்ள வெளியீட்டாளருக்கு மனம் வருவதில்லை. படைப்பாளிக்கும் சில வேளைகளில் வழி தெரிவதில்லை. யப்பானிய சித்திரக்கதை வடிவமான மங்காவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அக்கிரா தோரியாமாவின் 'டிராகன் பால்' 1984 முதல் 1995 வரை வாராந்த சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதன் பிற்பகுதியில் ஒரு எதிரி வீழ்ந்ததும் அவனிலும் வலிய எதிரி வருகிறான். நாயகன் அவனையும் விஞ்சுகிறான். ஏணி உயர்ந்துகொண்டே போகிறது. ஏறுகிறவர்களைப் பற்றி நமக்குப் புதிதாக அதிகம் தெரியவருவதில்லை.

அப்படியாயின் ஒரு நெடுந்தொடரின் பிந்திய பாகம் முந்தியதை விடச் சிறந்து விளங்குவது எதனால்? மக்கோட்டோ யுகிமுராவின் 'வின்லாண்ட் சாகா' இக்கேள்விக்குக் காத்திரமான பதிலொன்றைத் தருகிறது. 2005இல் வாராந்த 'ஷோனென் மகசின்' சஞ்சிகையில் ஆரம்பித்த இத்தொடர், வாராந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அதே ஆண்டின் இறுதியில் மாதாந்த 'அஃப்டர்நூன்' சஞ்சிகைக்கு மாறியது. 2025இல் 29 தொகுதிகளுடன் நிறைவுற்றது. இதில் எட்டாம் தொகுதியின் பிற்பாதியிலிருந்து பதினான்காம் தொகுதி வரை நீளும் பண்ணைப் பகுதியே இக்கட்டுரையின் பொருள்.

அதற்கு முந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். போரை வெறுத்து ஐஸ்லாந்தில் ஒளிந்து வாழ்ந்த தோர்ஸ் என்ற வீரனை, அஸ்கெலாட் என்ற கூலிப்படைத் தலைவன் வஞ்சகமாகக் கொல்கிறான். தோர்ஸின் மகன் தோர்ஃபின் சிறுவன். தந்தையைக் கொன்றவனை நேருக்கு நேர் நின்று கொல்ல வேண்டும் என்பதற்காக அவனுடைய படையிலேயே சேர்ந்து வளர்கிறான். ஒவ்வொரு கொலைப்பணிக்கும் கூலியாக ஒரு துவந்த யுத்தம் கேட்கிறான். பத்தாண்டுக்கு மேல் இப்படியே கழிகிறது. இறுதியில் அஸ்கெலாட் டேனிய மன்னன் ஸ்வேனின் தலையை வெட்ட, இளவரசன் கனூட் அஸ்கெலாட்டைக் கொன்றுவிடுகிறான். தோர்ஃபினுக்குப் பழி தீர்க்க ஆளில்லாமல் போகிறது. இந்த இடத்தில், 54 அத்தியாயங்கள் கடந்த பின்னர், இதுவரை வந்தது வெறும் முன்னுரையே என்று அறிவிக்கிறார் யுகிமுரா.

இது விளையாட்டுக்குச் சொன்னதன்று. அந்த முன்னுரை வாசகனை மகிழ்வித்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். குறுவாள்களை ஏந்தித் தாவும் சிறுவன், பெரும் பலத்தோடு போரிடும் தோர்கெல், இரு பக்கங்களை நிறைத்து விரியும் போர்க்களங்கள் என அவ்வளவும் அபாரமான வரைகலை. எரிந்த கிராமங்களும் அதில் இருந்தன. ஆனால் அவை பின்புலமாகவே இருந்தன. இங்கிலாந்தில் காயமுற்றுக் கிடந்த தோர்ஃபினைக் காப்பாற்றி, தலைவாரிவிட்ட ஒரு பெண்ணின் ஊரை, அவன் கொடுத்த சைகையைக் கண்டு வந்த படை அழித்தது. வாசகன் அதைக் கண்டு சற்றே சங்கடப்பட்டான். பின் அடுத்த சண்டைக்காகப் பக்கத்தைப் புரட்டினான்.

பண்ணைப் பகுதி இந்தப் பக்கம் புரட்டலுக்குக் கணக்குக் கேட்கிறது. அதன் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

தோர்ஃபின் இப்போது டென்மார்க்கில் கேட்டில் என்பவரின் பண்ணையில் அடிமை. கண்களில் ஒளியில்லை, எதையும் விரும்புவதில்லை. அவனோடு காடு வெட்டப் புதிதாக வாங்கப்பட்டவன் ஐனார். இங்கிலாந்தின் விவசாயி, இத்தகைய படைகளால் ஊரையும் குடும்பத்தையும் இழந்தவன். யுகிமுரா செய்த மிக முக்கியமான காரியம் இப்பாத்திரத்தைக் கொண்டுவந்ததே. முன்னுரையின் எரிந்த கிராமங்களில் ஒன்றிலிருந்து எழுந்து வந்தவனைப் போல ஐனார் வருகிறான். தோர்ஃபினுக்குப் பக்கத்திலேயே படுக்கிறான். ஒரே பானையில் உண்கிறான். தன் நண்பன் ஒரு காலத்தில் எப்படிப்பட்டவனாக இருந்தான் என்பதை அறிய வரும்போது அவனுக்குள் எழும் கொந்தளிப்பு, எந்தப் புதிய எதிரியின் வருகையை விடவும் கனமானது. பின்புலத்தில் கிடந்தவன் முன்னுக்கு வந்து பேசுகிறான். அதனால் முதல் எட்டுத் தொகுதிகளும் பின்னோக்கி வேறொன்றாக மாறிவிடுகின்றன.

இரண்டாவது விடயம் வேகம். 'இழுவை' என்று இப்பகுதியைக் குறை கூறும் வாசகர்கள் அநேகர். மரத்தை வெட்டுதல், வேரைப் பிடுங்குதல், கற்களைப் பொறுக்குதல், முதியவர் ஸ்வெர்கெலிடம் வேலை செய்து கொடுத்து உழுவதற்குக் குதிரையை இரவல் பெறுதல், கோதுமை முளைப்பதைக் குந்தியிருந்து பார்த்தல் என்றே பல அத்தியாயங்கள் நகர்கின்றன. மெய்தான். ஆனால் ஒரு கிராமத்தை அழிப்பதற்கு முன்னுரைக்குச் சில பக்கங்கள் போதுமாயிருந்தன. ஒரு துண்டு நிலத்தைப் பயிராக்க இங்கே தொகுதிகள் தேவைப்படுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வே ஆசிரியர் சொல்லவந்தது. பொறாமை கொண்ட பண்ணையாட்கள் இளம் பயிரை நாசமாக்கும்போது நமக்கு உண்டாகும் கோபத்தை, இங்கிலாந்தின் ஊர்கள் எரிந்தபோது நாம் உணரவில்லை. தோர்ஃபினுக்கும் அப்படித்தான். தான் அழித்தவை எவை என்பதை அவன் முதன்முதலாக விளங்கிக்கொள்வது ஒரு பயிரின் மூலமே.

அந்தக் கைகலப்பின்போது நினைவிழக்கும் அவன் காணும் கனவு இத்தொடரின் உச்சங்களில் ஒன்று. அவன் கொன்றவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அஸ்கெலாட்டும் இருக்கிறான். இறந்தவர்களைச் சுமந்துகொண்டே மேலேறு என்பதுதான் அவன் உணர்த்துவது. மறுபுறத்தில் கனூட்டையும் இறந்தவன் ஒருவன் தொடர்கிறான். தந்தை ஸ்வேனின் வெட்டுண்ட தலை அவனோடு உரையாடுகிறது. இருவரும் ஒரே சம்பவத்திலிருந்து வெளியேறியவர்கள். ஒருவன் வன்முறையைக் கைவிடுகிறான்; மற்றவன் மண்ணில் சொர்க்கத்தைக் கட்ட அதையே கருவியாகக் கொள்கிறான். இங்கிலாந்திலுள்ள தன் படையின் செலவுக்காக கேட்டிலின் பண்ணையைப் பறிக்க கனூட் வரும்போது இவ்விரு பாதைகளும் சந்திக்கின்றன.

அந்தச் சந்திப்புக்கு முன் தோர்ஃபின் கனூட்டின் வீரனொருவனிடம் நூறு அடிகளை வாங்குகிறான். அரசனைக் காண அதுவே அவன் கொடுக்கும் விலை. திருப்பி அடிப்பதில்லை. முன்னுரையில் அவன் கொடுத்த அடிகளை ரசித்த வாசகன், இங்கே அவன் வாங்கும் அடிகளைக் கூடவே எண்ண வேண்டியிருக்கிறது. தனக்கு எதிரிகள் எவரும் இல்லை என்று அவன் சொல்வது இதன் பின்னர்தான். இது தோர்ஸ் முன்பு மகனுக்குச் சொன்ன கருத்து. அன்று அதை ஒரு நல்ல மனிதரின் அறிவுரை என்று கடந்து போனோம். அதற்கு விலை என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. நெடுந்தொடர் ஒன்றால் மட்டுமே செய்யக்கூடியது இது. ஒரு சொல்லை விதைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க ஒரு சிறுகதையால் முடியாது.

எனினும் குறைகளைச் சொல்லாமல் விடுவது விமர்சனமாகாது. அடிமைப் பெண் அர்ன்ஹைட்டின் பாத்திரம் அவற்றில் முதன்மையானது. கணவன் கார்டாரை இழந்து, கர்ப்பிணியாக இருக்கும் நிலையில் கேட்டிலால் அடித்துக் கொல்லப்படுகிறாள். மீண்டும் உயிர்வாழ ஏதேனும் காரணம் இருக்கிறதா என்று மரணத் தறுவாயில் அவள் கேட்பது நெஞ்சை உலுக்குகிறது. ஆயினும் அவளது துயரம் இரு ஆண்களின் தீர்மானத்துக்கு உரமாவதோடு நின்றுவிடுகிறது. அவளுக்கென்று ஒரு நிலத்துண்டு கதையில் ஒதுக்கப்படவில்லை. அதேபோல், ஒரு படையோடு வந்த அரசன் ஒரே உரையாடலின் முடிவில் பின்வாங்குவது சற்று இலகுவாகவே நடந்துவிடுகிறது. வரலாற்றுக் கனூட் இவ்வளவு இலகுவில் எதையும் விட்டுக்கொடுத்தவனாகத் தெரியவில்லை.

இத்தொடரின் அதற்கும் பிந்திய பாகங்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. பால்டிக் கடற்போர் பற்றிய பகுதியில் தோர்ஃபின் மீண்டும் போருக்குள் இழுக்கப்படுகிறான். வரைகலையும் பழைய உற்சாகத்துக்குத் திரும்புகிறது. காலத்தால் பிந்தியதாயினும் அது பண்ணைப் பகுதியின் உயரத்தை எட்டவில்லை. பிந்தி வருவதால் மட்டும் ஒரு பாகம் முதிர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதே தொடர் சான்றாகிறது.

பண்ணைப் பகுதி வெளிவந்துகொண்டிருந்த 2012இல் இத்தொடருக்கு கொடான்ஷா விருது கிடைத்தது. 2023இல் இப்பகுதி அனிமேயாகவும் 24 அங்கங்களில் வந்தது. ஆங்கிலத்தில் வாசிக்க விரும்புவோருக்கு, 2013 முதல் இரண்டிரண்டு தொகுதிகளாகச் சேர்த்து வெளியிடப்பட்ட நூல்கள் உள்ளன. அவசரப்பட்டுப் பண்ணைப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். முன்னுரையை முழுதாக வாசிக்க வேண்டும். அதன் போர்களை ரசிக்கவும் வேண்டும். அந்த ரசனைக்குத்தான் பின்னர் கணக்குக் கேட்கப்படுகிறது. கடன் பட்டவர்களுக்கே கடன் தீர்க்கும் பாகத்தின் பெறுமதி விளங்கும்.