முத்திரைக்குப் பிடிபடாத கிருமி

அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டி விற்கும் இறைச்சிக்காக, அரசு ஆய்வாளர் இல்லாமல் எந்த ஆலையும் மாட்டை அறுக்க முடியாது. உயிரோடிருக்கும் மாட்டை ஒருமுறை, அறுத்தபின் தலை, ஈரல், நிணநீர்க் கணுக்கள் என்று இன்னொருமுறை பார்த்த பிறகே முத்திரை விழும். அப்டன் சிங்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ ஆலைகளின் அழுக்கை ஊரறியச் செய்த 1906-இல் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் தந்த ஏற்பாடு இது. ஆய்வுச் செலவை ஆலைகளே ஏற்க வேண்டும் என்று செனட்டர் பெவரிட்ஜ் வாதாடினார்; கடைசியில் அரசுக் கருவூலம் ஏற்றது. அதுவே சரி. ஆலையின் பணத்தை நம்பி நடக்கும் ஆய்வு, ஆலையை நிறுத்தத் துணியாது.

ஆனால் அந்தச் சட்டம் அஞ்சியது கண்ணுக்குத் தெரியும் நோய்க்கு. 1993-இல் ‘ஜாக் இன் தி பாக்ஸ்’ உணவகங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கரைத் தின்று எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157. அந்தக் கிருமி எந்த ஆய்வாளரின் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாது. மறு ஆண்டே, அரைத்த மாட்டிறைச்சியில் அது இருந்தால் கலப்படம் என்று வேளாண்மைத் துறை அறிவித்தது. துறையின் வரலாற்றில் துணிச்சலான முடிவுகளுள் இது ஒன்று.

சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமியிடம் அந்தத் துணிவு செல்லவில்லை. 1974-லேயே ஒரு நீதிமன்றம், இறைச்சியை வேகவைக்க இல்லத்தரசிகளுக்குத் தெரியும், ஆகவே எச்சரிக்கை வாசகம் வேண்டாம் என்ற நிலையை ஏற்றுவிட்டது. கோழியின் நீர் வேகும் முன்பே கத்தியிலும் பலகையிலும் பக்கத்துக் காய்கறியிலும் படுகிறதே! ஆலையில் தடுக்க வேண்டியதை அடுப்படியில் இருப்பவர் தலையில் கட்டும் இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல.

1996-இல் வந்த விதிகள் ஆலைகளே அபாயக் கட்டங்களைக் கண்டறிந்து கண்காணிக்க வைத்தன, சால்மொனெல்லாவுக்கு அளவும் வகுத்தன. டெக்சாஸில் இறைச்சி அரைக்கும் ‘சுப்ரீம் பீஃப்’ ஆலை அந்த அளவுக்கான சோதனையில் திரும்பத் திரும்பத் தவறியது. ஆய்வாளர்களை விலக்கி ஆலையை நிறுத்தத் துறை முனைந்தபோது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வாங்கிய இறைச்சியிலேயே கிருமி இருந்திருக்கலாம், அதை வைத்து அரைக்கும் ஆலையைச் சுகாதாரமற்றது என்று சொல்ல முடியாது என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டச் சொற்களை எடுத்துக்கொண்டால் தீர்ப்பில் நியாயம் உண்டு. அந்தச் சொற்கள் 1906-இன் கண்ணோட்டத்தில் நின்றுவிட்டன என்பதே குறை. பச்சைக் கோழியிறைச்சிக்குச் சால்மொனெல்லா வரம்பு விதிக்க முன்மொழிந்த வரைவையும் துறை 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது.

மற்ற உணவுகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 2011-இல் கையெழுத்தான சட்டம் கொடுத்தது. இறைச்சியைப் பார்க்கும் வேளாண்மைத் துறைக்கு அது இல்லை. கடையில் இருப்பதை அத்துறை தடுத்து வைக்கலாம். விற்றுப்போனதைத் திரும்பப் பெறச் சொல்லி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.