போர்க்காலச் செவிலியர்: ‘தியாகம்’ என்ற ஒற்றைச் சொல் போதுமா?

போர்க்காலச் செவிலியரைப் பற்றிய நம் கட்டுரைகள் பெரும்பாலும் ‘தியாகம்’, ‘கருணை’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகின்றன. கிரிமியப் போரில் பணியாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் மாணவர்களுக்குக் ‘கைவிளக்கேந்திய காரிகை’ மட்டுமே. குடும்பத்தின் எதிர்ப்பை மீறி இத்தொழிலுக்கு வந்தவர், படைவீரர்களின் இறப்புக் கணக்கை வரைபடமாக்கி அரசோடு வாதாடியவர் என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன.

இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை பற்றிய எழுத்துகளிலும் இதே குறை உண்டு. 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த இப்படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தனர். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற அவர்களில் பலருக்கு 1944இல் பர்மாவில் வாய்த்தது மருத்துவமனைப் பணி. இம்பாலிலிருந்து காயத்தோடும் மலேரியாவோடும் திரும்பிய வீரர்களை மேமியோவில் பராமரித்தனர். போர்முனைக்குச் செல்லத் துடித்தவர்களுக்கு இது முழு நிறைவைத் தந்திருக்குமா? இந்தக் கேள்வியை நம் கட்டுரைகள் எழுப்புவதே இல்லை.

சேர்ந்த காரணங்களும் ஒன்றல்ல. படைத்தலைவி லட்சுமி சுவாமிநாதன் சென்னையில் மருத்துவம் படித்து, 1940இல் சிங்கப்பூர் சென்றவர். ஜானகி தேவர் கோலாலம்பூரின் வசதியான வீட்டுப் பெண். போஸின் பேச்சைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தவர். ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் நிலை வேறு. ஜப்பானியர் ஆட்சியில் தோட்ட வேலை குறைந்தது, அரிசி அரிதானது, ஆண்கள் பலர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுக்கு நாட்டுப்பற்றோடு வயிற்றுச் சோறும், கங்காணியின் அதட்டல் இல்லாத மரியாதையும் காரணமாக இருந்திருக்கலாம். அப்படிச் சொல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவது ஆகாது, மனிதர்களாகப் பார்ப்பது.

இலக்கியமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. அப்போர்க்காலத்தைத் தமிழில் நிலைநிறுத்திய ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டும் ஆண்களின் உலகை மையமாகக் கொண்டவை. லட்சுமி தம் நினைவுகளை நூலாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத தோட்டப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஏது?

ஆகவே இத்தகைய கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: போருக்கு முன் அவள் யார்? எதை விட்டு வந்தாள்? போர் முடிந்தபின் எங்கே போனாள்? விருதுநகரை உள்ளடக்கியிருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து மலாயா சென்றவர்கள் பலர். அவர்கள் வழிவந்த குடும்பங்களில் பாட்டிமார் கதைகள் இன்னும் மிச்சமிருக்கக்கூடும். தேடலை அங்கிருந்தே தொடங்கலாம்.