பீப் அடித்தால் பார்ப்பது யார்?

தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி வட்டாரத்தில் மால், தியேட்டர், ஐ.டி. வளாகம் என்று எங்கே நுழைந்தாலும் மெட்டல் டிடெக்டர் சட்டகம் ஒன்றைக் கடந்துதான் போகிறோம். சாவிக்கொத்து பாக்கெட்டில், செல்போன் கையில், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தோள்பையில். கருவி கத்துகிறது. பக்கத்தில் நிற்கும் செக்யூரிட்டி, "போங்க சார்" என்று கையசைக்கிறார். பின்னால் வருபவருக்கும் அதே பீப், அதே கையசைப்பு.

இப்படி நிற்கும் சட்டகங்களில் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. பழையதைக் கழித்துவிட்டுப் புதிய மாடல் வாங்கலாமா என்ற பேச்சு நிர்வாகக் கூட்டங்களில் அவ்வப்போது எழும். விற்க வருபவரின் கையேட்டில் வசதிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வசதிகளில் பலவும் உண்மையானவைதான். ஆனால் கருவி கத்தியதும் ஆளை நிறுத்திச் சோதிக்க யாராவது இருக்கிற வாசலில்தான் அவை பயன்படும். அப்படி யாரும் இல்லாத வாசலில் புதிய கருவி செய்யப்போவது பழையது செய்த வேலையைத்தான், கூடுதல் விலைக்கு.

முதலில் புதியதன் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். சட்டகத்தின் இரு பக்கப் பலகைகளுக்குள்ளும் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அதை உணர்ந்து கருவி ஒலிக்கும். பழைய மாடல்களில் சட்டகம் முழுவதும் ஒரே மண்டலம். எங்கேயோ உலோகம் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, கணுக்காலிலா இடுப்பிலா என்று சொல்லாது.

அதைவிடப் பெரிய குறை, உடம்பின் மேலிருக்கும் சின்னச் சின்ன உலோகங்களை எல்லாம் அது சேர்த்துக் கணக்கிட்டுவிடுவது. தாலிச் சங்கிலி, வளையல், கொலுசு, மெட்டி, புடவையில் குத்திய ஊக்கு. ஒவ்வொன்றும் அற்பம். எல்லாம் சேர்ந்தால் ஒரு கத்திக்குச் சமமாகக் கருவிக்குத் தோன்றும். இதைத் தவிர்க்க உணர்திறனைக் குறைத்தால் கத்தியும் தப்பிவிடும். கூட்டினால் வாசலுக்கு வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் பீப்.

புதிய கருவிகள் இந்தச் சிக்கலை ஓரளவு தீர்க்கின்றன. சட்டகத்தை 6, 18, 33 என்று மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடுகின்றன. எந்த உயரத்தில் உலோகம் இருக்கிறதோ அந்த உயரத்தில் பக்கவிளக்கு எரியும். காவலர் அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட முதியவர், "முழங்காலில் பிளேட் இருக்குப்பா" என்று சொன்னால் விளக்கும் முழங்கால் உயரத்தில் எரிவதைக் கண்டு மரியாதையாக அனுப்பிவைக்கலாம். பக்கத்து எஸ்கலேட்டர், இரும்பு ஷட்டர், அடுத்த சட்டகம் ஆகியவற்றால் வரும் பொய் ஒலிகளையும் புதியவை நன்றாக வடிகட்டுகின்றன. முறையாகச் சோதனை நடக்கும் இடத்தில் இவை நேரத்தையும் மனக்கசப்பையும் மிச்சப்படுத்தும்.

இனி மறுபக்கம். மண்டலம் எத்தனை இருந்தாலும் மெட்டல் டிடெக்டருக்குத் தெரிந்தது உலோகம் மட்டுமே. வெடிமருந்து அதன் கண்ணில் படாது. பையை வைத்துக்கொண்டு கடந்தால், டிபன் பாக்ஸ் எது, வேறெது என்று பிரித்துச் சொல்லவும் அதனால் முடியாது. சென்னையின் தென்பகுதி இதை அறிந்த விதம் கொடியது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வெடித்த குண்டு 30-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அது வந்தது கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகளில். ஆளைச் சோதிக்கும் சட்டகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலையே இல்லை.

2014 மே 1 அன்று சென்னை சென்ட்ரலில் குவாஹாட்டி எக்ஸ்பிரஸின் இரண்டு பெட்டிகளில் குண்டுகள் வெடித்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். ரயில் பெங்களூரிலிருந்து வந்தது. சென்ட்ரலின் வாசலில் என்ன கருவி இருந்தது என்பது அந்த வெடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

மூன்றாவது சம்பவம் இன்னும் கசப்பானது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற பெல்ட் குண்டுக்குள் ஆயிரக்கணக்கான சின்ன இரும்புக் குண்டுகள் இருந்தன. அவ்வளவு இரும்பை ஒரு பழைய கருவியே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் அதைக் கட்டியிருந்தவர் மாலையோடு கூட்டத்தில் கலந்து, சோதனை இல்லாமலே அருகில் போய்விட முடிந்தது. அன்றைக்கு ஓட்டை இருந்தது ஆட்கள் வகுத்த ஒழுங்கில்.

தாம்பரம் ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அது ரயில் ஏறும் இடம் மட்டுமில்லை. கிழக்குத் தாம்பரத்துக்கும் மேற்குத் தாம்பரத்துக்கும் நடுவே ஜனங்கள் நடந்து கடக்கும் வழியும்கூட. இரண்டு பக்கமும் வாசல்கள், மேலே நடைமேம்பாலம். ஒரு புறநகர் ரயிலிலிருந்து 500 பேர் இறங்கி ஒரே வாசலை நோக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு பீப் அடித்தால் 250 பேர். ஒருவருக்கு 15 விநாடி வீதம் ஒரே காவலர் சோதித்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்தடுத்த வண்டிகள் வந்துவிடும். புதிய கருவி பீப்பைப் பாதியாகக் குறைத்தாலும் அரை மணி நேரம். ஆகவே அந்தச் சூழலில் நிற்கும் எந்தக் காவலரும் செய்யக்கூடியது ஒன்றுதான்: கையசைப்பது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட கணக்கே விடை வராத கணக்கு.

கருவியைவிட அதைக் கையாளும் ஆட்களே முக்கியம் என்ற பாடம் இந்தக் கருவியின் வரலாற்றிலும் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மெட்டல் டிடெக்டரைச் செய்து எடுத்துவந்தார். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்ட தலைமை மருத்துவர், அந்தப் பக்கத்தை மட்டும் தேட அனுமதித்தார். கட்டிலின் ஸ்பிரிங் கம்பிகளும் குழப்பின. செப்டம்பரில் அதிபர் இறந்த பிறகு நடந்த பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் கிடைத்தது.

காலம் மாறிவிட்டதே, இப்போது செயற்கை நுண்ணறிவுடன் கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். 2015-ல் அமெரிக்க விமான நிலையங்களில் அந்நாட்டு அரசே நடத்திய ரகசியச் சோதனையில், போலி ஆயுதங்களுடனும் வெடிபொருள்களுடனும் போனவர்கள் 70 முயற்சிகளில் 67-ல் பிடிபடாமல் கடந்தார்கள் என்ற செய்தி வெளியானது. அங்கே இருந்தவை பழைய கருவிகள் இல்லை. 2024 நவம்பரில், 'எவால்வ்' நிறுவனம் தன் செயற்கை நுண்ணறிவுச் சோதனைக் கருவிகளின் திறனை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. அதையடுத்த உடன்பாட்டில் சில பள்ளிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள வழி கிடைத்தது. விற்பவர் சொல்வதை வாங்குபவர் சோதித்துப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இவை போதும்.

"எதுவும் இல்லாததற்கு ஏதோ ஒன்று நிற்கட்டுமே, பார்த்தாலே பயம் வருமே" என்ற வாதத்தை முழுவதும் தள்ள முடியாது. கோபத்தில் கத்தியோடு வருகிறவன் சட்டகத்தைக் கண்டு தயங்கலாம். ஆனால் திட்டமிட்டு வருகிறவன் பத்து நிமிடம் ஓரமாக நின்று பார்த்தால் போதும், பீப்புக்கு யாரும் அசைவதில்லை என்று தெரிந்துவிடும். தவிர, தோற்றத்துக்காக நிற்க வேண்டும் என்றால் பழைய சட்டகமே அதைச் செய்கிறதே, புதியது எதற்கு?

அப்படியும் நிர்வாகங்கள் கருவியையே நாடுவதற்குக் காரணம் பணத்தின் கணக்கு. கருவிக்கு ஒருமுறை டெண்டர் விட்டால் முடிந்தது. திறப்பு விழாப் படமும் கிடைக்கும். ஆளுக்கோ மாதாமாதம் சம்பளம். 16 மணி நேரம் திறந்திருக்கும் ஒரு வாசலுக்கு, ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு ஷிப்டுக்கு நான்கு பேராவது வேண்டும். வார விடுப்புக்கு மாற்று ஆள் தனி. இந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் ஒரே காவலரைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, அவர் பக்கத்தில் விலையுயர்ந்த கருவியையும் வைக்கிறார்கள்.

எனவே இடத்துக்கு ஒரு தீர்ப்புத்தான் சரி. விமான நிலையத்தில் மாற்றம் வேண்டும். அதுவும் இன்னொரு மெட்டல் டிடெக்டராக இல்லாமல், உலோகமல்லாத பொருளையும் காட்டும் உடல் ஸ்கேனராக. அங்கே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் ஒவ்வொரு பயணியையும் நிறுத்திச் சோதிக்கிறார்கள்; கருவி சொல்வதைக் கேட்க ஆள் இருக்கிறது. 2019-லேயே விமானப் பாதுகாப்பு அமைப்பு அந்தத் திசையில்தான் உத்தரவிட்டது. புறநகர் ரயில் நிலையங்களில் சட்டகத்தை மாற்றுவது வீண் செலவு. மோப்பநாய், கேமராவைக் கவனித்துப் பார்க்கும் ஆட்கள், திடீர்ப் பைச் சோதனை ஆகியவற்றுக்கு அந்தப் பணம் போகட்டும். மால், தியேட்டர், அலுவலக வளாகங்களில் இரண்டு பாலினக் காவலர்களும் வாசலில் இருந்தால் பல மண்டலக் கருவி வாங்கலாம். இல்லையென்றால் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கைக்கருவியும், அதைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவருமே மேல்.

வாங்கியே தீர வேண்டும் என்றாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சின்னக் கத்தி அளவு இரும்புத் துண்டு ஒன்றைக் கணுக்காலிலும், இடுப்பிலும், தோளிலும் மாறிமாறி வைத்துக்கொண்டு இப்போதுள்ள கருவியைப் பலமுறை கடந்து பாருங்கள். அது ஒருமுறை ஒலிக்கத் தவறினாலும் கருவியில் கோளாறு. சரிசெய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். அது ஒவ்வொரு முறையும் ஒலித்து, உங்களை யாரும் தடுக்கவில்லை என்றால், புதிய கருவிக்கு ஒதுக்கிய தொகையைச் சம்பளக் கணக்கில் சேருங்கள்.