வாயிலும் வயிற்றெரிச்சலும்

பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரத்தாள் என் மாணவன் ஒருவனுக்குக் கிடைத்தது. வண்ணப் படங்களை ஆசையோடு பார்த்தான். பிறகு என்னிடம் வந்து கேட்டான்: “ஐயா, அங்கே நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?” அங்கே என்ன கற்பிப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. நம்மைச் சேர்ப்பார்களா என்றே கேட்டான். அவன் தந்தை இவ்விருத்தாசலத்தில் பீங்கான் சூளைத் தொழிலாளி.

அந்தச் சிறுவனின் கண்ணிலே வியப்பும் இருந்தது. வெறுப்பின் முதல் துளியும் இருந்தது. ஒரே பொருளின்மீது இவ்விரண்டும் எழுவது எப்படி? “எட்டாத பழம் புளிக்கிறது, எல்லாம் வயிற்றெரிச்சல்” என்று கூறி நகைக்கின்றனர் உள்ளே இருப்போர். அது உண்மைதானா?

விடை தேட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பேருந்து ஏறினால் சிதம்பரம். அதன் பக்கத்தில் அண்ணாமலை நகர். 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார் செட்டிநாட்டு அரசர் அண்ணாமலையார். அது 1929இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. உயர்கல்வி என்றால் சென்னை என்றிருந்த நாளில், தென்னார்க்காட்டு வயல்களுக்கு நடுவே, மாணவர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம்! தமிழாராய்ச்சிக்கு அங்கே இடம் கிடைத்தது. தமிழன் மேடையிலே தமிழ்ப்பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை மாநாடு 1941இல் அங்கேதான் கூடிற்று. நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் அங்கே பயின்றவர்கள். 1965 சனவரி 27இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் குண்டுக்கு மார்பு காட்டிய இராசேந்திரன் அதன் மாணவன். இத்தகைய நிலையத்தை வியக்காதவன் தமிழனாக இருக்க முடியாது.

எனினும் குறை கூறியோரும் இருந்தனர். காரணம் இல்லாமலா? நிறுவியவர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவி வழிவழியாக வந்தது. அறிவின் கோட்டத்திலே அரியணை பிறப்பினால் வருமாயின், பரம்பரைப் பட்டத்தை எதிர்க்கும் பாடத்தை அங்கே எவ்வாறு நடத்துவது? நிதி நெருக்கடியும் அளவுக்கு மீறிய பணியாளர் தொகையும் சேர்ந்து, 2013இல் தனிச்சட்டத்தின் வழியே அரசு அதனை ஏற்றது. பரம்பரைப் பட்டம் முடிந்தது.

வாயில் திறந்ததா? அதுதான் இல்லை. பல்கலைக்கழகம் அரசினுடையது ஆன பின்னரும், அதன் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஐந்து இலட்சத்தைத் தாண்டி நின்றது. ஏனைய அரசுக் கல்லூரிகளிலோ சில ஆயிரம்! 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். பல வாரம் ஓயவில்லை. 2021 தொடக்கத்தில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தது, கட்டணமும் இறங்கிற்று. பெயர்ப்பலகையை மாற்றினால் போதாது, தாழ்ப்பாளை நீக்க வேண்டும் என்பதே அது தரும் பாடம். போராடியவர்கள் பல்கலைக்கழகத்தை வெறுத்தவர்களா? இல்லை, அங்கேயே பயில விரும்பியவர்கள்! வியப்பும் வெறுப்பும் பிறந்த இடம் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதே சிதம்பரத்தில் இன்னொரு வாயிலின் கதையும் உண்டு. நந்தனைத் தீக்குளித்து வரச் சொன்னதாகப் புராணம் புகல்கிறது. அந்த நந்தன் பெயராலேயே, 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார் சகசானந்தர். கோவில் வாயில் தீயைக் காட்டிற்று. கல்லூரி வாயில் கட்டணத்தைக் காட்டுகிறது. சுடுவதில் இரண்டும் ஒன்றே!

“தகுதி பார்த்துத்தானே சேர்க்கிறோம்?” என்பார்கள். எங்கள் ஊர்ச் சூளைக்காரரைக் கேளுங்கள். மிகச் சிறந்த மண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துச் சுட்டுவிட்டு, “என் சூளையைப் பார்!” என்று மார்தட்டினால் அவர் நகைப்பார். பெருமை மண்ணுக்கா, சூளைக்கா? பொறுக்குவது வேறு, பக்குவப்படுத்துவது வேறு.

பொறுக்குவதேனும் நேர்மையாக நடக்கிறதா? அமெரிக்காவின் புகழ்மிக்க 12 தனியார் பல்கலைக்கழகங்களை ராஜ் செட்டியும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டனர். ஒரே அளவு மதிப்பெண் பெற்றிருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிடப் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல்! பழைய மாணவரின் பிள்ளை என்பதற்கும் அங்கே சலுகை உண்டு. அதே ஆண்டில்தான், இனத்தைக் கருதி இடமளிக்கும் முறையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் வீழ்த்திற்று. தாழ்ந்தோருக்குக் கைகொடுத்தால் தகுதி கெடுமாம்; தந்தை படித்த இடம் என்றால் கெடாதாம்!

நம் நாட்டிலும், அரசின் உதவி பெறாத தனியார் கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீட்டைப் புகுத்த இயலாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. அதற்கு விடையாக 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அதன்படி, சிறுபான்மையோர் நிலையங்கள் நீங்கலாக, தனியார் நிலையங்களிலும் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் செய்யலாம். 2014இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. ஆயினும் 2006இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒதுக்கீட்டுச் சட்டம் மத்திய அரசின் நிலையங்களோடு நின்றுவிட்டது. சாவி கையில் இருக்கிறது. பூட்டில் நுழைக்கத்தான் கை எழவில்லை.

ஆகவே தோழர்களே, வயிற்றெரிச்சல் என்ற வசையைக் கேட்டு நாணாதீர்கள். நாம் வியப்பது நூலகத்தை, ஆய்வுக்கூடத்தை, அறிஞர்களை. வெறுப்பதோ தாழ்ப்பாளை. கல்வியின்பால் காதல் இல்லாதவனுக்குப் பூட்டிய கதவைக் கண்டு சினம் வருமா? அந்தச் சினத்தைக் கல்மீது காட்டாமல், சட்டத்தின்மீதும் கட்டணத்தின்மீதும் திருப்புவதே அறிவுடைமை.

என் மாணவனுக்கு அன்று நான் உடனே விடை கூறவில்லை. மறுநாள் கூறினேன்: “சேர்ப்பார்களா என்று கேளாதே தம்பி. ஏன் சேர்க்கமாட்டார்கள் என்று கேள். அதற்கும் முன்னால், இன்றைய பாடத்தை எடு.”